மண் உலையில் இரும்பு தங்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பெருங்கற்கால மண்ணடுக்கில் இரும்பு உருக்கியதற்கான தடயம் கிடைத்தது. பழைய வட ஆற்காட்டு மண்ணுக்கு இந்த வேலை புதிதல்ல. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகப் பிரிந்து கிடக்கும் இதே நிலத்தில் பள்ளி அறிவியல் மன்றங்களும் வரலாற்று ஆர்வலர்களும் ஒன்றிரண்டு பட்டறைக்காரர்களும் மறுபடி மண் உலை கட்டிப் பார்க்கிறார்கள். கட்டுவது சுலபம். நாள் முழுக்க ஊதி முடித்து, சுவரை உடைத்துப் பார்த்தால் உள்ளே இரும்பு இருக்காது. அங்கிருந்துதான் கேள்விகள் தொடங்குகின்றன. அப்படிக் கேட்கிறவர்களுக்காக, எந்த அறிகுறி எந்தக் கோளாறைக் காட்டுகிறது, என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த உலையில் இரும்பு உருகாது. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நமக்கு உலையின் அடிப்பகுதியில் 1200 முதல் 1300 டிகிரி வந்தால் போதும். அந்தச் சூட்டில் உருகுவது, இரும்புக்கல்லோடு ஒட்டிவரும் மணல்சத்து (சிலிக்கா) கொஞ்சம் இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து ஆகிற கலவைதான். கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு, கல்லில் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுகிற இரும்புத் துகள்கள் திடமாகவே கீழே இறங்கி, காற்றுக்குழலுக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டிப் பொத்தலும் துளையுமான கட்டியாகின்றன. உருகிய மண் அந்தத் துளைகளின் வழியே வடிந்துபோகிறது. வடிவதுதான் கிட்டம். ஆகவே இந்த வேலையில் இரும்பை உருக்க முயல்கிறவர் தோற்பார். கிட்டத்தை ஓடவைக்கிறவருக்கு இரும்பு தானாகத் தங்கும்.

அளவுகளை ஒத்துப்பார்க்க நான் எடுத்துக்கொள்கிற உலை இது. உள்விட்டம் 25 சென்டிமீட்டர். காற்றுக்குழல் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில், வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து, சுவரைத் தாண்டி நாலு விரல்கடை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். குழலின் துளை 2.5 சென்டிமீட்டர். குழலுக்கு மேலே உலை குறைந்தது 70 சென்டிமீட்டர் உயர வேண்டும். முன்பக்கம் அடியில் கிட்டம் வடிய ஓர் அடிவாய், செங்கல்லும் மண்ணும் வைத்து அடைத்தது. உங்கள் உலை இதைவிடப் பெரிதென்றால் காற்றும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

ஊதுகிறவருக்குத் தலை வலிக்கிறது, குமட்டுகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கல்லிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிற அதே கார்பன் மோனாக்சைடு நம் ரத்தத்திலும் ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். நிறமில்லை, மணமில்லை. கீற்றுக் கொட்டகைக்குள், தகர ஷெட்டுக்குள், நாலுபக்கச் சுவருக்குள் இந்த உலையை வைக்கவே கூடாது. மேல்வாயில் வாயு எப்போதும் சுடர்விட்டு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அணைந்தால் உடனே ஒரு கொள்ளியைக் காட்டிப் பற்றவையுங்கள். யாருக்காவது தலை கனத்தால், "வெயில் அடிச்சிருச்சு" என்று மோர் கொடுத்து உட்காரவைக்காமல் தூரமாக, காற்று வரும் பக்கம் கூட்டிப்போங்கள். தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வேலூர் வெயிலில் இரண்டுக்கும் அறிகுறி ஒன்றாகவே தெரியும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, கிட்டம் வடிகிற தரை காய்ந்திருக்க வேண்டும். ஈரத் தரையில் உருகிய கிட்டம் விழுந்தால் அடியில் நீராவி சிக்கி வெடித்துத் தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உலை போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு சாண் ஆழத்துக்குக் காய்ந்த மணல் பரப்புங்கள். நைலான் துணி வேண்டாம், பருத்திதான். காலுக்கு மூடிய தோல் செருப்பு.

நெருப்பு மூட்டியதும் சுவர் வெடிக்கிறது

களிமண் அதிகம், அல்லது காயவைக்க அவசரம். ஏரி வண்டல் தனியாக நிற்காது. பாதிக்குப் பாதி மணல், கைநிறையக் கைநிறைய நறுக்கிய வைக்கோல் அல்லது உமி சேர்த்துக் காலால் மிதித்துக் குழையுங்கள். ஆரணி, ஆற்காடு பக்கம் அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. நிழலில் காயவிட்டு, பிறகு உள்ளே சுள்ளி போட்டுச் சிறு தீயில் நிதானமாக வாட்ட வேண்டும். மயிரிழை விரிசல் ஒன்றும் செய்யாது, மண் குழம்பு பூசினால் போதும். விரல் நுழைகிற விரிசல் வந்தால் கம்பி சுற்றிக் கட்டுங்கள். அந்த வழியாகக் காற்று கசிந்தால் அங்கே சூடும் கசிகிறது.

மேல்வாயில் மஞ்சள் புகை, கண் எரிகிறது

கரி சரியில்லை. ஈரம் இருக்கிறது, அல்லது உள்ளே கட்டையாகவே நிற்கிறது. நல்ல கரியைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். உடைத்தால் உள்வரை கறுப்பாக இருக்கும். சீமைக்கருவேலங்கரி நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, கனமாகவும் இருக்கிறது, இந்த வேலைக்கு அது போதும். ஆம்பூரில் பிரியாணிக்குத் தம் போடக் கரி வாங்குகிற இடத்திலேயே வாங்கலாம். அரை அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் நடுவே உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்குங்கள். தூள் உள்ளே போனால் காற்று ஏறாது. பசை போட்டு அச்சில் அழுத்திய கரிக்கட்டி வேண்டாம், சாம்பல் அதிகம். நிலக்கரி கூடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் இரும்புக்குள் போய்விடும். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

கரி இறங்கும் வேகம் சரியில்லை

உலையில் நடக்கிற பாதிக்கு மேற்பட்ட தப்புகளுக்கு வேர் இங்கேதான் என்பது என் தீர்மானமான எண்ணம். இரும்பு வரவில்லை என்றதும் எல்லாரும் கல்லைக் குறை சொல்கிறார்கள். கல்லை மாற்றுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்.

காற்றை அளக்க மீட்டர் தேவையில்லை, கரியே மீட்டர். உலை நிறைந்து சூடேறிய பிறகு, மேல்வாய் விளிம்புவரை கரி நிரப்புங்கள். மட்டம் இறங்கியதும் 2 கிலோ கரியை எடைபோட்டுக் கொட்டி, அது முழுக்க இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் உலைக்கு 10 முதல் 12 நிமிடம் வர வேண்டும். நிமிடத்துக்கு 600 முதல் 700 லிட்டர் காற்று போகிறது என்று அதற்கு அர்த்தம்.

15 நிமிடத்தைத் தாண்டினால் காற்று போதவில்லை. அடி குளிர்ந்திருக்கும், கிட்டம் கெட்டிப்படும். காற்று ஊதும் புளோயரின் கேட் வால்வை, அதாவது காற்றைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பை, கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். திறந்தும் மாற்றமில்லை என்றால் அடைப்பு உள்ளே இருக்கிறது, குழாயில் இல்லை. கரித்தூளும் கல்தூளும் சேர்ந்து நடுவயிற்றில் பாலம் கட்டியிருக்கும். மேலிருந்து நீளக் கம்பியை நிதானமாக இறக்கி, சுவரோரமாகக் குத்தி விடுங்கள். பொலபொலவென்று அரையடி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படி ஒரேயடியாக இறங்கினால் அடுத்த இரண்டு சுற்றுக்கு (கரியும் கல்லும் ஒருமுறை போடுவது ஒரு சுற்று) கல் போடாமல் வெறும் கரி மட்டும் போடுங்கள், ஏனென்றால் வேகாத, அதாவது ஆக்சிஜன் பிரியாத கல் குவியலாக அடிக்குப் போயிருக்கும்.

7, 8 நிமிடத்திலேயே இறங்கினால் காற்று அதிகம். உலை வெள்ளையாகக் கொதிக்கும், பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் கல் வேக நேரமில்லாமல் அடிக்குப் போகிறது. குழல் வாயில் வீசும் காற்றில் ஆக்சிஜன் மிஞ்சினால், மேலே கஷ்டப்பட்டுப் பிரிந்த இரும்பைக் கீழே அதுவே திரும்ப ஆக்சைடாக்கிவிடும். வால்வைக் குறையுங்கள்.

கையால் துருத்தி மிதிக்கிறவர்களுக்கு வேறு கவனம் வேண்டும். ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது. அதனால்தான் பழைய உலைகளில் இரண்டு துருத்தி வைத்து மாற்றி மாற்றி அமுக்கினார்கள். தோல் துருத்தி செய்ய ஆசை இருந்தால் நாம் சரியான ஊரில் இருக்கிறோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் மண்டிகளில் நல்ல ஆட்டுத்தோல் பார்த்து எடுக்கலாம்.

குடியாத்தம் பக்கம் கலப்பைக் கொழு அடித்துப் பழகிய ஒரு பெரியவர் ஒருமுறை உலையருகே வந்து நின்றார். குழலின் பின்பக்கப் பார்வைத் துளையில் கண் வைத்தார். "தம்பி, இன்னா இது, நெருப்பு சிணுங்குது?" என்றார். "எப்படிங்க ஐயா சொல்றீங்க?" என்றதற்கு, "கரி குதிக்கணும்பா. சும்மா குந்திக்கினு கீது பாரு" என்றார். சரியாகச் சொன்னார். வெல்டிங் கண்ணாடி வைத்து அந்தத் துளையில் பாருங்கள். காற்று சரியாக இருந்தால் குழல் வாயருகே கரித்துண்டுகள் வெளிர்மஞ்சள் வெளிச்சத்தில் உதறி உதறி ஆடும்; நடுவே அவ்வப்போது ஒரு பளிச்சென்ற சொட்டு கடந்து விழும். கரி அசையாமல் ஆரஞ்சாக உட்கார்ந்திருந்தால் காற்று குறைவு.

நடுவில் கரண்ட் போய்விட்டது

குழாயை உடனே குழலிலிருந்து கழற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு. காற்று நின்றதும் உலைக்குள்ளிருக்கும் வாயு பின்னோக்கி குழாய்க்கும் புளோயருக்கும் போகும்; கரண்ட் வந்து புளோயர் சுற்றியதும் அது தீப்பற்றி வெடிக்கக்கூடும். கழற்றியபின் கம்பியை விட்டுக் குழல் வாயைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், கிட்டம் அங்கே உறைந்தால் திரும்ப ஊத முடியாது. கைச்சக்கரம் வைத்த புளோயர் ஒன்று பக்கத்தில் தயாராக இருக்கட்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். சில நிமிடத்துக்குள் ஊதத் தொடங்கினால் உலை பிழைக்கும். அரைமணி ஆகிவிட்டால் கல் போடாமல் மூன்று நாலு சுற்று வெறும் கரி போட்டுச் சூட்டை மீட்ட பிறகே மறுபடி கல்லுக்குப் போங்கள்.

குழலுக்குள் பார்த்தால் இருட்டு

இரண்டு காரணம் இருக்கலாம். கிட்டத்தின் மட்டம் குழல்வரை ஏறிவிட்டது என்றால், உள்ளே கொளகொளவென்று சத்தம் கேட்கும். அடிவாயைக் குத்தி வடித்துவிடுங்கள். சத்தம் இல்லாமல் இருட்டினால் குழல் வாயில் கிட்டம் உறைந்து மூக்கு கட்டியிருக்கிறது. பின்னாலிருந்து கம்பியால் குத்தினால் திறக்கும். அடிக்கடி இப்படி ஆனால் குழலின் சாய்வு போதவில்லை, அல்லது சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நாலு விரல்கடை உள்ளே நீட்டச் சொன்னது இதற்குத்தான். நீட்டிய நுனி வேலை முடிவதற்குள் கொஞ்சம் உருகிக் குறையும், அது இயல்பு.

கிட்டம் வடியவே இல்லை

காற்று சரி, சூடு சரி, துளையில் வெளிர்மஞ்சள் தெரிகிறது, ஆனாலும் அடிவாயைக் குத்தினால் பிசுபிசுவென்று கெட்டியாக ஒன்று நகர்கிறது, அல்லது எதுவுமே வருவதில்லை. இப்போதுதான் கல்லைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் காந்தக்கல் தனியாகக் கிடைப்பதில்லை. திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கவுத்திமலை, வேடியப்பன்மலைக் கல்லானாலும், சேலத்துக் கஞ்சமலைக் கல்லானாலும் அது மேக்னடைட்டும் (காந்தம் ஒட்டும் இரும்பு ஆக்சைடு) குவார்ட்ஸும் (மணல்சத்தாலான கல்) வரிவரியாகக் கலந்த பாறை. கையில் எடுத்தால் கனக்கும், காந்தம் ஒட்டும், பார்த்ததும் "இரும்பே இதுதான்" என்று தோன்றும். சுத்த மேக்னடைட்டில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு. இந்த வரிப்பாறையில் நூற்றுக்கு 50 பங்குக்கும் குறைவு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் உலைக் கிட்டத்தில் பெரும்பகுதி ஃபயலைட் என்ற சேர்மம். சுமார் 1200 டிகிரியில் உருகும், அதனால்தான் இந்த உலையே சாத்தியமாகிறது. ஆனால் அது உருவாக 1 கிலோ மணல்சத்து, ஏறத்தாழ 1.86 கிலோ இரும்பைத் தன்னோடு கட்டிக்கொண்டு போகும். நூற்றுக்கு 38 பங்கு இரும்புள்ள வரிப்பாறை 10 கிலோ போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் இரும்பு 3.8 கிலோ. மணல்சத்து 4.75 கிலோ அளவில் இருக்கும். அந்த மணலை உருக்கவே 8.8 கிலோ இரும்பு வேண்டும். இருப்பதோ 3.8. கல்லில் உள்ள இரும்பு மொத்தமும் போய், மணலில் பாதிக்கு மேல் உருகாமலும் நிற்கும். உள்ளே கெட்டியாகப் பிசுபிசுப்பது அதுதான். நாள் முழுக்க ஊதினாலும், கரியை மாற்றினாலும், குலசாமிக்குப் படையல் வைத்துத் தொடங்கினாலும் இதிலிருந்து இரும்பு வராது.

இதே கல்லை அடித்துத் தூளாக்கி, குவார்ட்ஸைப் பிரித்து, நூற்றுக்கு 65 பங்கு இரும்புள்ளதாக ஆக்கிவிட்டால் கதை மாறிவிடும். 10 கிலோவில் 6.5 கிலோ இரும்பு, 1 கிலோ மணல்சத்து. மணல் 1.9 கிலோ இரும்பை எடுத்துக்கொண்டு போகட்டும், மிச்சம் 4.6 கிலோ கணக்கில் நிற்கிறது. நடப்பில் அவ்வளவு கிடைக்காது, உலைச் சுவரும் கொஞ்சம் உருகி மணலைச் சேர்க்கும். போட்ட கல்லின் எடையில் கால் பங்கு கட்டியாக வந்தால் நல்ல உலை என்று நான் சொல்வேன்.

பிரிப்பது எப்படி? மலையில் கல் எடுக்காதீர்கள். கவுத்திமலையும் வேடியப்பன்மலையும் காப்புக்காடு. பெரிய சுரங்கத் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்று காத்த மலைகள் அவை. நமக்கு வேண்டிய சில கிலோவை மழையே அரைத்துக் கொண்டுவந்து தருகிறது. மழை ஓய்ந்த மறுநாள், சொந்த நிலத்து ஓடையிலோ வாய்க்காலிலோ மணல் மேட்டின் ஓரம் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பாருங்கள். அது கருமணல். பாலாற்றில் இறங்கி அள்ளாதீர்கள். அனுமதியில்லாமல் ஆற்றில் மணல் எடுப்பது குற்றம், அந்த ஆறு பட்டதும் போதும்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காய்ந்த கருமணல்மேல் லேசாக உயரத்தில் நகர்த்துங்கள். மேக்னடைட் எழும்பிப் பையில் மயிர்க்கூச்செறிந்து நிற்கும். அதை வேறு தட்டுக்குமேல் கொண்டுபோய், காந்தத்தைப் பைக்குள்ளிருந்து வெளியே உருவினால் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அப்படி எடுத்ததைத் தண்ணீரில் அரித்து, காயவைத்து, இன்னொரு முறை காந்தம் காட்டுங்கள். ஒட்டாமல் வந்த வெள்ளை மணல் தட்டில் தங்குவது கண்ணுக்குத் தெரியும். இன்று கடையில் விற்கிற மிக வலுவான காந்தம் வேண்டாம். கருமணலில் இல்மனைட்டும் கலந்திருக்கும், வலுவான காந்தம் அதையும் இழுத்துவிடும். இல்மனைட்டில் இரும்பு 37 பங்குதான், மிச்சம் டைட்டானியமும் ஆக்சிஜனும்.

நேர்மாறான கோளாறும் உண்டு. கருமணலை மிகச் சுத்தமாக எடுத்துவிட்டால் கிட்டமாக உருக மணலே இல்லாமல் போகும். கட்டியிலிருந்து அழுக்கு வடியாது, உலை வறண்டு நிற்கும். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிடி காய்ந்த வெள்ளை மணலையோ, முந்தைய உலையின் கிட்டத்தை நொறுக்கியோ சேருங்கள். கிட்டம் சேர்ப்பதே மேல், அது ஏற்கெனவே உருகிப் பழகியது.

சிலர் சுண்ணாம்புக் கல் போடச் சொல்வார்கள். பெரிய ஊதுலைக்கு அது சரி. அங்கே சூடு மிக அதிகம், இரும்பே திரவமாக ஓடுகிறது. ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலையில் சேலத்துக் கல்லை உருக்கியது அந்த முறையில். நம் மண் உலையின் சூடு சுண்ணாம்புக் கிட்டத்தை ஓடவைக்கப் போதாது, அது இறுகிக்கொள்ளும்.

கிட்டம் அருமையாக ஓடுகிறது, இரும்பு இல்லை

ஓடுகிற கிட்டம் வெல்லப்பாகு போல மடிப்பு மடிப்பாக நெளிந்து உறைந்தால் சூடு சரி. ஆனால் தண்ணீராகச் சரசரவென்று ஓடி, ஆறியபின் மிகக் கனமாக, காந்தத்தைக் காட்டினால் பளிச்சென்று ஒட்டுவதாக இருந்தால், உங்கள் இரும்பு வெளியே தரையில் கிடக்கிறது. கல் வேகுமுன்பே உருகி ஓடிவிட்டது.

கல்லின் உருவம் பாருங்கள். கட்டியாகப் போட்டிருந்தால் வாயு உள்வரை போகாது. கடலைக்கொட்டை அளவுக்கு மேல் ஒரு துண்டும் இருக்கக் கூடாது. போடுமுன் விறகடுக்கில் செக்கச்செவேலென்று சுட்டு ஆறவிட்டால் மேக்னடைட் மேல்தோல் ஹேமடைட்டாக (சிவந்த இரும்பு ஆக்சைடாக) மாறி, உள்ளே நுணுக்கமாக வெடிப்பு விழும். அதற்குப் பிறகு வாயு சுலபமாக நுழையும், சுத்தியலில் தட்டினாலே நொறுங்கும். கந்தகம் இருந்தால் அதுவும் இந்தச் சூட்டில் புகையாகப் போய்விடும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள் அதிகம்.

கருமணலுக்கு வேறு தொல்லை. கரி இடுக்கு வழியே சறுக்கி நேராக அடிக்குப் போய்விடும். கொஞ்சம் மைதாப் பசை அல்லது நீர்த்த களிமண் விட்டுப் பிசைந்து, சிறு உருண்டைகளாக உருட்டிக் காயவைத்துப் போடுங்கள்.

பிறகு போடுகிற வேகம். முதல் சுற்றில் 2 கிலோ கரிக்கு அரைக் கிலோ கல். மேலே தீ நீலமும் ஆரஞ்சுமாக நிதானமாக எரிந்து, துளையில் வெளிச்சம் மங்காமல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் ஏற்றி, எடைக்கு எடை சமமாகக் கொண்டுவாருங்கள். மங்கினால் ஒரு சுற்று பின்வாங்குங்கள். அந்தக் கனத்த கிட்டத்தை வீசாதீர்கள், நொறுக்கி அடுத்த உலையில் போட்டால் அதிலிருக்கும் இரும்பில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

எல்லாம் சரி என்றாலும் இரும்பு இல்லையென்றால் உயரத்தை அளந்து பாருங்கள். குழலுக்கு மேலே இரண்டு சாண் மட்டும் இருந்தால் கல் வேக இடமில்லை.

கிட்டம் பச்சைக் கண்ணாடி, கட்டி அடித்தால் உடைகிறது

மேலே சொன்னதற்கு எதிர்க்கோடி. கிட்டம் பச்சையாக, நீலமாக, இலேசாக, கண்ணாடிபோல் பளபளத்தால் அதில் இரும்பு மிகக் குறைவு, அநேகமாக அத்தனையும் பிரிந்துவிட்டது. கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் உலை அளவுக்கு மீறிச் சூடாகி, இரும்பு கரியைக் குடித்துவிட்டது. நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் கார்பன் ஏறினால் இரும்பு 1150 டிகிரியிலேயே உருகும். அது வார்ப்பிரும்பு. சம்மட்டி பட்டால் கட்டி நெருங்காமல் துண்டு துண்டாகத் தெறிக்கும். உடைந்த முகம் வெள்ளியாக மின்னும்.

அடுத்த உலையில் கல்லின் பங்கைக் கூட்டுங்கள், கடைசி ஒரு மணி நேரத்தில் காற்றைச் சற்றுக் குறையுங்கள். கையிலிருக்கும் துண்டுகளை வீணாக்க வேண்டாம். சிறு கொல்லுலையில் கரிமேல் வைத்து, குழலின் காற்று நேராகப் படும்படி மறுபடி உருக்கிச் சொட்டவிட்டால் கார்பன் எரிந்து, அடிக்கக்கூடிய இரும்பாகக் கீழே சேரும்.

சாணைக்கல்லில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு கார்பன் என்று ஓரளவு தெரியும். நீள நீளமாகக் கோடிழுத்துப் போகும் பொறி தேனிரும்பு, அதாவது கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு. நுனியில் பூவாக வெடித்துச் சிதறுகிற பொறி எஃகு. எஃகுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நம் தமிழ்நாட்டில் தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, மூசையில் (உருக்கும் மண்குப்பியில்) வைத்துக் களிமண்ணால் மூடி உருக்கி எஃகு எடுத்ததை ஹீத் நேரில் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அது தனி வேலை, இந்த உலைக்கு அடுத்த படி.

கட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை

கடைசிக் கரி குழல் மட்டத்துக்கு இறங்கும்வரை ஊதுங்கள். பிறகு அடிவாயை அகலமாகத் திறந்து, கடப்பாரையால் குழலுக்கு நேர் கீழே நெம்புங்கள். ஆறவிட்டால் மாலைவரை உடைத்தாலும் வராது.

அடித்தால் உதிர்கிறது

எந்தச் சூட்டில் உதிர்கிறது என்பதுதான் கேள்வி.

வெளியே எடுத்த உடனே, வெளிர்மஞ்சள் சூட்டில் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே கிட்டம் இன்னும் திரவமாக இருக்கிறது. எடுத்ததும் சம்மட்டியை ஓங்கிப் போடுவதுதான் பலரும் செய்வது. அடைகல்லாக ஒரு புளியங்கட்டை வைத்து, மரக்கொட்டாப்புளியால் சுற்றிலும் செல்லமாகத் தட்டி அணைத்து உருட்டுங்கள். கிட்டம் பிதுங்கி வழியும். நிறம் ஆரஞ்சுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைத்து வெளிர்மஞ்சளுக்கு ஏற்றுங்கள். இரண்டு மூன்று சூட்டுக்குப் பிறகு சத்தம் மாறும், மொத்து மொத்தென்று கேட்டது கெட்டிப்படும். அப்போது இரும்புச் சம்மட்டிக்கு மாறலாம்.

மஞ்சள் சூட்டில் நன்றாக வந்து, செஞ்சூட்டுக்கு இறங்கியதும் ஓரமெல்லாம் வெடித்தால் கந்தகம். கல்லைச் சுடாமல் போட்டிருப்பீர்கள், அல்லது யாரோ கரிக்குப் பதில் நிலக்கரி கலந்திருப்பார்கள். அந்தக் கட்டியைச் செஞ்சூட்டில் தொடாதீர்கள். மஞ்சளிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் எந்தத் தொல்லையும் தராமல், ஆறிய பிறகு வளைத்தால் பட்டென்று முறிந்து, முறிந்த முகத்தில் பெரிய பெரிய மினுங்கும் பரல்கள் தெரிந்தால் அது பாஸ்பரஸ். கல்லிலிருந்தே வருவது. இந்த உலையில் அதை வெளியேற்ற வழியில்லை, கல் எடுக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அந்த இரும்பு சாதாரணத் தேனிரும்பைவிடக் கடினமானது. அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் ஆகாது, அடி தாங்காது. ஆணியும் கொண்டியும் அடித்துக்கொள்ளலாம்.